விடுதி வேலைக்கு ஒரு கடிதம்



இன்றைய பேச்சு ஒரு கடிதத்தைப் பற்றியது. ஒரே ஒரு பக்கக் கடிதம். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பயோடேட்டாவுக்கு மேலே வைத்து அனுப்புகிற கடிதம். என்ன வேலைக்கு? சின்ன விடுதியில் மேனேஜர் வேலைக்கு.

மேனேஜர் என்றதும் கோட்டும் டையும் போட்ட ஒருவர் கண்ணில் வந்து நிற்பார். அது பெரிய ஓட்டல். அங்கே சமையலுக்கு ஒருவர், அறைகளுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். பத்து அறை, பன்னிரண்டு அறை உள்ள விடுதியில் அப்படிக் கிடையாது. வெந்நீர் வரவில்லை என்றால் மேனேஜரைத்தான் கூப்பிடுவார்கள். சலவைக்குப் போன துணி திரும்பவில்லை என்றாலும் அவர்தான் ஓட வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, அட்வான்ஸ் வாங்கி ரசீது கொடுப்பது, ராத்திரி பணத்தை எண்ணிக் கணக்கை முடிப்பது, எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவும் அவர் தலையில்தான். இப்போது புதிதாக இன்னொரு தலைவலி. ஒரே அறையைப் போனில் ஒருவரும் இணையத்தில் இன்னொருவரும் பதிவு செய்துவிடுவார்கள். இரண்டு குடும்பமும் பெட்டி படுக்கையோடு வாசலில் நிற்கும். என்ன செய்வது?

விடுதி முதலாளி பல நேரங்களில் அதே ஊரில் இருக்க மாட்டார். அறைச் சாவிகளையும் பணப்பெட்டியையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். ஆகவே கடிதங்களைப் படிக்கும்போது அவர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான். இந்த ஆளை நம்பிச் சாவியைக் கொடுக்கலாமா?

கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கின்றன. சுற்றுலா வளர்ந்ததும் விடுதிகள் பெருகின. தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து பலர் விடுதி வேலைக்குப் போனார்கள். அப்படிப் போன ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் பிறந்தவர். வயது 41. பதினெட்டு அறை உள்ள விடுதியில் ஒன்பது வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறார். கடைசி மூன்று வருடமாக மேனேஜர் லீவில் போனால் சாவிக்கொத்து இவர் கையில்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த பிறகும் எழுத்துத் தெரியாதவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். இவர் பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்தார். கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்தும் தேர்வு எழுதி, ஏழாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் வாங்கினார்.

ஒரு நாள் ஒரு விளம்பரம் பார்க்கிறார். "12 அறை விடுதிக்கு மேனேஜர் தேவை. அனுபவம் முக்கியம். தமிழ், மலையாளம் தெரிய வேண்டும்."

முதல் கடிதம் எழுதுகிறார். எப்படி? "ஐயா, நான் மிகவும் ஏழைக் குடும்பம். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். தாங்கள் மனமிரங்கி இந்த வேலையைக் கொடுத்தால் என் குடும்பம் வாழும்." எல்லாம் உண்மை. நம் பக்கத்தில் மனு என்றாலே இப்படித்தான் எழுதிப் பழக்கம். கலெக்டரிடம் உதவித்தொகை கேட்கும் மனுவுக்கு இது பொருந்தும். வேலைக்குப் பொருந்தாது. முதலாளி பாவப்படுவார், கடிதத்தை ஓரமாக வைப்பார். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று அவர் தேடவில்லையே. இந்தக் கடிதத்தில் ஒன்பது வருட வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பக்கத்தில் கடை வைத்திருப்பவர் உதவிக்கு வருகிறார். ஆங்கிலத்தில் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறார். பளபளவென்று இருக்கிறது. அதில் "ஓட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ படித்தவர்" என்று ஒரு வரி இருக்கிறது. "எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள்" என்கிறார் கடைக்காரர். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டால் முடிந்தது. ஆனால் நேரில் கூப்பிட்டு, "எந்தக் கல்லூரி? எந்த வருடம்?" என்று முதலாளி கேட்டால்? அந்த ஒரு பொய்யால் ஒன்பது வருட உண்மையும் பொய் போல ஆகிவிடும். முன்பு கைநாட்டு வைத்த காலத்தில் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விரலை அழுத்தினார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதும் அதே கதைதான்.

சரி, எதைத்தான் எழுதுவது? அவர் கையால் செய்த வேலையை எழுதலாம். அது சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உதாரணமாக, கட்டில் விரிப்புக் கணக்கு. ஒரு அறைக்கு மூன்று செட் வேண்டும் என்பது விடுதிகளில் பொதுவான கணக்கு. ஒன்று கட்டிலில் இருக்கும், ஒன்று சலவையில் இருக்கும், ஒன்று அலமாரியில் இருக்கும். 12 அறைக்கு 36 செட். ஆனால் மூணாறில் ஜூன் மாதம் மழை பிடித்தால் துணி காயாது. 36 போதாது. இது புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை. ஈரத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரிகிற விஷயம்.

இன்னொன்று. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி போடும் காலம். அப்போது இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவைப்பார்கள். வரையாடு பார்க்கவென்றே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. வந்த பிறகு தெரிந்தால் கோபம் யார் மேல் வரும்? விடுதி மேல்தான் வரும். அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. இதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். டிப்ளமோ படித்து வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இந்த இரண்டையும் வைத்து அவர் எழுதிய மூன்றாவது கடிதத்தைப் பாருங்கள்.

"பெறுநர்: விடுதி உரிமையாளர் அவர்கள், மூணாறு.

ஐயா, வணக்கம்.

பொருள்: மேனேஜர் வேலைக்கு விண்ணப்பம்.

தங்கள் 12 அறை விடுதிக்கு மேனேஜர் தேவை என்ற விளம்பரம் பார்த்தேன். மூணாறில் 18 அறை விடுதியில் 9 வருடமாக வேலை செய்கிறேன். முதல் 6 வருடம் அறைச் சுத்தம். கடைசி 3 வருடம் மேனேஜர் இல்லாத நாட்களில் சாவி, பதிவேடு, அட்வான்ஸ் பணம் மூன்றும் என் பொறுப்பு. இதுவரை கணக்கில் பணம் குறைந்தது இல்லை.

மழைக்காலத்தில் துணி காயாமல் அறை கொடுக்க முடியாத நிலை வரும். 12 அறைக்கு 36 செட் விரிப்பு போதாது. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யத் தெரியும். இரவிகுளம் பூங்கா மூடும் நாட்களை அறை பதிவு செய்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். மலையாளம் நன்றாகப் பேசுவேன். ஏழாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் முன்பதிவு பார்க்கத் தெரியும். கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரியாது. கற்றுக்கொள்வேன்.

நேரில் வரச் சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு,"

கீழே கையெழுத்து. பிறகு போன் நம்பர், நாள்.

கம்ப்யூட்டர் கணக்குத் தெரியாது என்று எழுதலாமா? சிலர் வேண்டாம் என்பார்கள். எழுதுவதுதான் நல்லது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அது வெளியே வந்துவிடும். ஆனால் அதைக் கடிதத்தின் தலையில் எழுத வேண்டியதில்லை. தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டு, தெரியாததை ஒரு வரியில் பின்னால் சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பணம் குறைந்தது இல்லை என்ற வரியையும் கவனியுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். முதலாளி பழைய விடுதிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

முதலாளி மலையாளம் படிப்பவர் என்றால்? தமிழிலேயே முதலில் எழுத வேண்டும். பிறகு மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் நகல் எழுதி வாங்கலாம். மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போதும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தான் சொல்லாத வரி ஒன்று வந்தால் அடித்துவிட வேண்டும். மலையாள நகலை மேலே வைத்து, தமிழ்க் கடிதத்தைக் கீழே வைத்து அனுப்பலாம். இரண்டிலும் கையெழுத்து வேண்டும்.

சான்றிதழின் ஜெராக்ஸ் மட்டும் அனுப்ப வேண்டும். அசல் வீட்டில் இருக்கட்டும். வேலைக்குச் சேரும்போது அசலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. விட்டுவிட்டு வந்தவர்கள் வேறு வேலைக்குப் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். "வேலை உறுதி, முதலில் பணம் கட்டுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். சம்பளம் கொடுப்பவர் வேலை கேட்பவரிடம் பணம் கேட்பாரா?

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், காகிதத்தை நேராக வைத்துப் படம் எடுக்க வேண்டும். குரல் பதிவு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். பதிவேடு எழுதும் வேலைக்கு ஆள் தேடுகிறவர் கையெழுத்தைப் பார்க்க விரும்புவார்.

கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் ஒரு முறை போன் செய்து கேட்பதில் தவறில்லை. நேரில் போகும் நாளில் பஸ்ஸில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை வாசித்துக்கொண்டால் நல்லது. முதலாளி கேள்வி கேட்பது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான். "36 செட் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வேண்டும்?" என்று கேட்பார். அந்தப் பெண் யோசிக்கவே மாட்டார். "48 வேண்டும் சார். ஜூன் பிறக்கும் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்" என்பார்.