ஒரு கம்பியும் பல கணிப்பொறிகளும்



கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த வரலாற்றை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டான மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே ஓடி, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி நம் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். தங்கவயலில் அந்த மின்சாரத்தைச் சுரங்கம் சுரங்கமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுக்கும் நிலையம் எவ்வளவு பெரிதாயினும், அருவியில் உண்டானதற்கு மேல் ஓர் அணுவளவும் அதனால் தர இயலாது அல்லவா? இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ரௌட்டர் வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

ரௌட்டர் என்பது வீட்டுக்குள் வரும் ஒரே இணையக் கம்பியைப் பல கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பங்கிட்டு அளிக்கும் சிறு யந்திரம். தமிழில் திசைவி என்றும் சொல்வதுண்டு. இன்று பெரிதும் வழங்கும் பழைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. பொதுக் கையிருப்பில் இருந்தவை 2011-லேயே பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிட்டன. ஆகவே வீட்டுக்கு ஒரு முகவரி கிடைப்பதே பெரிது. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரௌட்டர் தானே தனி எண்களைக் கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் செய்தி யாருக்கு உரியது என்று குறித்துவைத்து, தபால்காரரைப் போல உரியவரிடம் சேர்க்கிறது.

பாலகாட்டில் என் உறவினர் வீடு ஒன்று இருக்கிறது. தங்கவயலின் வடகோடியில், சுரங்கத் தொழிலாளருக்கென அடுத்தடுத்துக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்பைத் தேடி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இவ்வூரிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வருகிறார்கள். அவ்வீட்டு மருமகளும் அவர்களில் ஒருவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பணி செய்யலாம் என்று அவருக்கு அனுமதி கிடைத்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரப் பயணம் மிச்சம். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் முடியும். ஆனால் கூட்டத்தில் பேசும்போதெல்லாம் அவருடைய குரல் அறுந்து அறுந்து போயிற்று. இப்படியே நீடித்தால் அனுமதி போய்விடும் என்று எச்சரிக்கையும் வந்தது.

வீட்டார் என்ன செய்தார்கள்? ஆறு ஆண்டெனாக்கள் நிமிர்ந்து நிற்கும் விலையுயர்ந்த ரௌட்டர் ஒன்றை வாங்கி வந்தார்கள். பெட்டியின்மேல் 1200 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. குரல் முன்போலவே அறுந்தது.

அந்த 1200 என்பது என்ன கணக்கு? ஓர் அலைவரிசையில் 300, மற்றொன்றில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். பொதுவாக ஒரு கைப்பேசி இரண்டையும் சேர்த்து அனுபவிப்பதில்லை. அதுவும் காற்றில், எதிரே சுவர் இல்லாதபோது கிடைக்கும் ஏட்டளவு வேகம். வீட்டுக்கு வரும் கம்பியின் வேகமோ 40 மெகாபிட். அருவி 40, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் 1200! எனக்கு இந்த விளம்பர எண்களின்மேல் சற்றும் மதிப்பில்லை.

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மைத்துனன் தான் எடுத்த வீடியோக்களை மாலையில் வலையேற்றுவான். வெளியே செல்லும் பாதை குறுகியது. அவனுடைய பெருஞ்சுமை ரௌட்டரின் வாயிலில் நீண்ட வரிசையாகத் தேங்கி நிற்க, அண்ணியின் சிறு சொற்கள் அவ்வரிசையின் கடைசியில் நின்றன. கம்பியின் வேகம் குறையவில்லை. காத்திருக்கும் நேரமே பெருகியது. இக்குறைக்கு 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசையில் அளவுக்கு மீறிக் காத்திருக்கும் சுமையைக் கண்டு, தேக்கத்தைக் குறைப்பது அதன் வேலை. ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து முறைபோட்டு அனுப்பும் ஏற்பாடும் பின்னர் அதனோடு சேர்ந்தது. ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் வரிசைக் கட்டுப்பாடு உண்டா என்பதே. ஆங்கிலத்தில் எஸ்.கியூ.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். உண்டு என்றால், அதில் வேக வரம்பைக் கம்பியின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் தேக்கம் நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒளியிழைக் கம்பியோடு நிறுவனத்தார் வைத்துச் சென்ற பெட்டியே ஒரு ரௌட்டர். அதன்பின் இன்னொன்றைப் பூட்டியதால் பங்கிடுவோர் இருவராகி, வீண் குழப்பம் விளைந்தது. பழைய பெட்டியைப் பிரிட்ஜ் என்னும் நிலையில் வைத்து, பங்கிடும் வேலையைப் புதியதிடம் மட்டும் விட வேண்டும். சில வீடுகளில் பழைய பெட்டியே போதும். காசு செலவழிக்கவே வேண்டியதில்லை.

லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் அண்டைவீட்டு வைஃபை ஒலிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடக்க வல்லது. ஆனால் ஒன்றையொன்று இடறாத தடங்கள் அதில் மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தடங்கள் பல. எனினும் இரண்டு சுவர்களுக்கு அப்பால் அது சோர்ந்துவிடும். இரண்டும் உள்ள ரௌட்டரையே வாங்குங்கள். தகரக் கூரைக்கும் இரும்பு பீரோவுக்கும் அருகில் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும். ஒரே இடத்தில் இருக்கும் கணிப்பொறிக்குக் கம்பியே உத்தமம். 100 மீட்டர் வரை அது குறையின்றிச் செல்லும். கம்பி பூட்டும் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும் மலிவான ரௌட்டர்களும் உண்டு. 40 மெகாபிட் வீட்டுக்கு அது குறையன்று. 200 வாங்கியவருக்குப் பாதி வீணாகும்.

அண்டைவீட்டாருக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுங்கள், ஆனால் விருந்தினருக்கெனத் தனி வலை அமைக்க வசதியுள்ள ரௌட்டரில் கொடுங்கள். பூட்டில்லாமல் மட்டும் விடவேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டுப் பூட்டாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது. போலீசார் அவர் கதவைத்தான் முதலில் தட்டினார்கள். டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் பூட்டைப் போடுங்கள். ரௌட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

பாலகாட் வீட்டில் ஆறு ஆண்டெனா ரௌட்டரைக் கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பாதி விலையில், வரிசைக் கட்டுப்பாடுள்ள இரண்டு ஆண்டெனா ரௌட்டர் வந்தது. மருமகளின் கணிப்பொறிக்குக் கம்பி இழுத்தார்கள். மின்வெட்டுக்கென இரண்டு பெட்டிகளுக்குமாக ஒரு சிறு மின்கலமும் வாங்கினார்கள். மைத்துனன் இப்போதும் மாலையில்தான் வலையேற்றுகிறான். செவ்வாயும் வியாழனும் மட்டும் அண்ணி ரயிலேறுகிறார்.