மீனில் ஒரு கிருமி, நோயாளியிடம் ஒரு கிருமி

(டில்லி சாணக்யபுரியில் சமையல் வேலை செய்யும் தமிழர்களுக்கான பேச்சு)



டில்லியில் கடல் கிடையாது. ஆனாலும் தூதரக வீடுகளில் நீங்கள் இறாலும் நண்டும் சமைக்கிறீர்கள். அவை தொலைவிலிருந்து ஐஸில் வருகின்றன. சில சமயம் கூடவே ஒரு கிருமியும் வரும். அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். வாயில் நுழையாத பெயர்! விப்ரியோ என்றே சொல்வோம். காலராக் கிருமிக்கு இது பங்காளி.

1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன் தின்ற 272 பேர் நோயில் விழுந்தார்கள். 20 பேர் இறந்தார்கள். அப்போதுதான் புஜினோ என்ற அறிஞர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

பிறகு ஒரு குழப்பம் வந்தது. கடல் மீனில் இந்தக் கிருமி அடிக்கடி கிடைத்தது. ஆனால் மீன் தின்ற எல்லோருக்கும் நோய் வரவில்லை. ஏன்?

ஜப்பான் அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தட்டுகளில் இரத்தம் கலந்த கூழை உறையவிட்டார்கள். ஒரு தட்டில் நோயாளியின் மலத்தில் கிடைத்த கிருமியை வளர்த்தார்கள். இன்னொரு தட்டில் மீனில் கிடைத்த கிருமியை வளர்த்தார்கள். நோயாளியின் கிருமியைச் சுற்றி இரத்தம் கரைந்தது. தெளிவான வளையம் தெரிந்தது. மீனின் கிருமியில் பெரும்பாலும் வளையம் இல்லை.

வளையம் போடும் கிருமியிடம் ஒரு நஞ்சு இருக்கிறது. கடலில் அந்த வகை மிகக் குறைவு.

குறைவு என்றால் பயமில்லையா? 1996 பிப்ரவரியில் கல்கத்தாவில் (இன்று கொல்கத்தா) நடந்ததைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் புது வகை விப்ரியோ கிடைத்தது. அதற்கு ஓ3 கே6 என்று பெயர். அடுத்த மாதங்களில் அங்கே விப்ரியோ கண்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இதே வகை. தென்கிழக்கு ஆசியா போய் ஜப்பான் திரும்பிய பயணிகளிடமும் இதே வகை. 1998-இல் அமெரிக்காவில் பச்சைச் சிப்பி தின்றவர்களிடமும் இதே வகை! ஒரே வம்சம் நாடு நாடாகப் போயிருந்தது.

இறாலைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. மோந்தாலும் தெரியாது. ஆனால் ஐஸில் இந்தக் கிருமி பெருகாது. நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். இடையில் வெளியே வைப்பதில்தான் ஆபத்து. நல்ல வெதுவெதுப்பில் 10 நிமிடத்தில் ஒன்று இரண்டாகலாம். கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் 64. இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல்!

பச்சை இறால் நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குகிறோம். இறால் வேகும். வெள்ளரிக்காயை யார் வேகவைக்கிறார்கள்? தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள்.

மீன் தின்று வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரை நீர் கொடுங்கள். மருத்துவரிடம் போங்கள். என்ன தின்றது, எப்போது தின்றது என்று சொல்லுங்கள். மிச்ச மீன் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும்.