புயலுக்குப் பின் கணிப்பொறி

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்தது. எங்கள் சிற்றூரில் பல நாள் மின்சாரமில்லை. அது மீண்டபோது என் கணிப்பொறி எழவில்லை. பேத்தியின் ஆய்வேடு முழுவதும் அதனுள்ளே! படியெடுத்து வைக்கச் சொல்லத் தவறிய ஆசிரியன் நான்.

அதே செருகுதுளையில் மேசை விளக்கைப் பொருத்தினேன், எரிந்தது. ஆகவே குற்றம் சுவரிலன்று. மின்னழுத்தம் தாறுமாறானால் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்வதுண்டு. இணைப்பை நீக்கி, எஞ்சிய மின்னூட்டம் வடியத் தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்தினேன். மின்வழங்கியின் உறையை மட்டும் திறக்கவில்லை. இணைப்பற்ற நிலையிலும் அதனுள் மின்சாரம் தங்கியிருந்து தாக்கும்.

மீண்டும் இணைத்தேன், விசிறி சுழன்றது. கடிகாரமோ என்றோ கடந்த ஆண்டொன்றைக் காட்டிற்று: 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தது. அதை மாற்றுமுன்பே பேத்தி ஆய்வேட்டுக்கு இரண்டு படிகள் எடுத்துவிட்டாள்.