பெண்களின் பருமனும் ஊராரின் வாயும்

(பள்ளிப்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "கடவுளையும் ஜாதியையும் விட்டுவிட்டு இவர்கள் பெண்கள் பருத்திருப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்று சிலர் சிரித்ததாக அறிகிறோம். சிரிக்கட்டும். நாம் பேச வந்ததே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான். மிகவும் பருத்த ஒரு பெண் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்துத் தரம் மரியாதை இழக்கிறாள் என்றால், சுயமரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற நாம் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

இந்த ஊர் இரண்டு பாஷை பேசுகிற ஊர். ஆனதால் இங்குள்ள பருத்த பெண்ணுக்கு ஏச்சும் இரண்டு பாஷையில் கிடைக்கிறது. தமிழில் பூசணிக்காய், அரிசி மூட்டை, யானைக்குட்டி. தெலுங்கில் 'லாவு'. இவையெல்லாம் விரோதிகள் சொல்வது என்று எண்ணாதீர்கள். பெற்ற தாயும், கூடப் பிறந்த அண்ணனும், கட்டின புருஷனும் "செல்லமாக" வைத்த பெயர்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால், "அம்மா, நீ ரெண்டு ஆள் இடம், ரெண்டு பேர் காசு குடு" என்கிறார்கள். அதே ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் தொந்தியோடு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதரிடம் ஒன்றரைப் பேர் காசுகூடக் கேட்பதில்லை. "அண்ணா, நல்லா உக்காருங்க" என்கிறார்கள். 2021-ல் சர்க்கார் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று செய்தது. நல்ல காரியம். டிக்கெட்டை இலவசமாக்கச் சர்க்காரால் முடிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் "உச்" என்று கொட்டுவதை நிறுத்த எந்தச் சர்க்காரால் முடியும்?

துணிக்குக் குறைவில்லாத பிரதேசம் இது. பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. ஆனால் இங்கே நெய்கிறவள் பருத்தவளாயிருந்தால், அவளுக்கு ஒரு ரவிக்கை தைப்பது பெரிய கஷ்டம். கடையில் கிடைக்கிற 80 சென்டிமீட்டர் துண்டு போதாது. ஒரு மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். தையற்காரர் கூலியும் அதிகம் கேட்கிறார். கேட்கட்டும், வேலை அதிகந்தான். ஆனால் அளவு எடுத்து, அந்த எண்ணைக் கடையிலுள்ள பையன் எழுதிக்கொள்ளும்படி தெருவுக்கே கேட்கச் சொல்லுகிறாரே, அது எதற்கு? இதற்குப் பயந்து வருஷக்கணக்காக ஒரே நைட்டியில் வீட்டோடு இருந்துவிடுகிற பெண்கள் உண்டா இல்லையா என்று இங்குள்ள தாய்மார்களைக் கேட்கிறோம்.

கல்யாணப் பந்தியைப் பாருங்கள். பருத்த பெண் உட்கார்ந்தால் எதிர்வரிசை முழுவதும் அவள் இலையைத்தான் பார்க்கிறது. இரண்டாம் முறை சாதம் வாங்கினால் கண்ஜாடை. ஆகையால் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பசியோடு வீட்டுக்குப் போய், ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். அதை ஒருவர் பார்த்துவிட்டால், "பார்த்தாயா, திருட்டுத்தீனி!" என்று முத்திரை விழுகிறது. வெளியில் தின்னவிடாமல் செய்ததும் இவர்களே, ஒளிந்து தின்கிறாள் என்று சொல்வதும் இவர்களே.

கல்யாணப் பேச்சைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில்கூட எடை ஏறினால் விலை ஏறும். பெண் விஷயத்தில் மட்டும் எடை ஏறினால், பெண்ணைப் பெற்றவன் கொடுக்கவேண்டிய சவரன் ஏறுகிறது! மாப்பிள்ளைக்குத் தொந்தி இருந்தாலோ, "வசதியான இடம், நல்ல சாப்பாடு" என்று அதுவே யோக்கியதாபத்திரமாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் உயரத்துக்கு மிஞ்சின எடையுள்ளவர்கள். இதைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. அதே கணக்கில் ஆண்கள் 100-க்கு 37 பேர்! இந்த மூன்று பேர் வித்தியாசத்துக்காகவா ஏச்சு முழுவதும் ஒரு பக்கமே போகிறது? அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தம் குறைவு என்றும் சொல்லுகிறது. எண்ணிப் பாருங்கள். பருத்தவள் என்றால் நெய்யும் பாலும் தின்று கொழுத்தவள் என்கிறோமே, அவளுக்கு உடம்பில் இரத்தம் இல்லை. வயிற்றை நிரப்புவது ரேஷன் அரிசிச் சோறு; பருப்பும் கீரையும் முட்டையும் ஆண்பிள்ளைகளுக்குப் போட்டு மீந்தால் உண்டு. மீந்த சோற்றைக் கொட்டக்கூடாது, அது லட்சுமி என்று சொல்லி அதையும் இவள் வயிற்றிலேயே கொட்டச் சொல்லிக் கொடுத்தது யார்?

தெய்வங்கள் விஷயத்துக்கு வருவோம். தெருமுனைக்குத் தெருமுனை பெருவயிற்றோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையாரைப் பார்த்து யாராவது "உடம்பைக் குறை" என்றதுண்டா? கொழுக்கட்டையல்லவா மேலும் மேலும் படைக்கிறார்கள்! குபேரனுக்கும் அப்படியே. பருத்த பெண் தெய்வத்தை எத்தனை கோயிலில் காட்டுவீர்கள்? கல்லில் செதுக்கும்போதே பெரும்பாலும் கொடியிடை வைத்துத்தான் செதுக்கினார்கள்.

நம் ஜில்லாவிலேயே திருவாலங்காடு இருக்கிறது. அங்கே காரைக்கால் அம்மையாரை எலும்புந்தோலுமாக வைத்திருக்கிறார்கள். பெரியபுராணம் சொல்லும் கதை என்ன? புருஷன் பரமதத்தன் இவரிடம் பயந்து ஓடிப்போய், பாண்டிநாட்டில் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். தேடிப்போனபோது காலில் விழுந்து, தெய்வம் என்று சொல்லிக் கழித்துவிட்டான். உடனே அந்த அம்மாள், இவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாம், கழன்று போகட்டும், பேய் உருவம் வேண்டும் என்று கேட்டாராம். பக்தர்கள் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. பெண்ணின் சதை புருஷனுக்கென்று இருப்பது, அவனுக்கு வேண்டாமென்றால் அவளுக்கும் வேண்டியதில்லை என்பதுதானே இதன் கருத்து? ஒரு விதத்தில் அந்த அம்மாள் சங்கதியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார் என்றும் சொல்லலாம். தன் உடம்பைப் பார்த்து எவனும் விலை போடாமலிருக்க வேண்டுமானால் பேயாகத்தான் வேண்டியிருந்தது! இன்று பேயாகாமலே அந்தச் சௌகரியம் வேண்டுமென்றுதான் நாம் கேட்கிறோம்.

இனி, பருமன் எதனால் வருகிறது என்று பார்ப்போம். பூர்வஜென்மம் என்கிறவனிடம் நமக்குப் பேச்சில்லை. "வாய்க்கொழுப்பு, சோம்பல்" என்கிறவன் தன்னைப் பகுத்தறிவுவாதி என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கலாம். அவனுக்குத்தான் பதில் சொல்லவேண்டும். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் லெப்டின் என்ற சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். உடம்பிலுள்ள கொழுப்பே இதைச் சுரந்து, "சேமிப்பு இருக்கிறது, பசி போதும்" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. 1997-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலுள்ள டாக்டர்கள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுக் குழந்தை 86 கிலோ, இரண்டு வயதுக் குழந்தை 29 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி தீராது. நம் ஊராயிருந்தால் பெற்றவளை என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரத்தத்தைப் பரிசோதித்தால், பிறவியிலேயே அந்த லெப்டின் சுரக்கவில்லை. அதை ஊசியாகப் போட ஆரம்பித்ததும் மூத்த குழந்தையின் பசி அடங்கி, எடையும் இறங்கிற்று. இது மிக மிக அபூர்வமான கோளாறு. நம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இதுதான் என்று நாம் சொல்லவில்லை. பசி என்பது குணமல்ல, உடம்பின் வேலை என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா என்றுதான் கேட்கிறோம். மற்றபடி தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, பிரசவம், சில மருந்துகள், தூக்கமின்மை, பெற்றோர் வழி வந்த உடல்வாகு என்று காரணங்கள் பல. இவற்றில் எது ஒருத்தி சோம்பேறி என்பதற்குச் சாட்சி?

அதற்காக, பருமனால் கெடுதலே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, முழங்கால் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு இவையெல்லாம் மிகுந்த பருமனோடு அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. வைத்தியம் வேண்டும். ஆனால் நடப்பதென்ன? காது வலி என்று போனாலும் "முதலில் எடையைக் குறை" என்கிறார்கள். இரண்டு தரம் அப்படிக் கேட்டவள் மூன்றாம் தரம் நெஞ்சுவலி வந்தாலும் போவதில்லை. பிரஷர் பார்க்கும் பட்டை விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், தாய்மார்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பருத்த கைக்குச் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிட அதிகமான பிரஷர் காட்டும். பெரிய அளவுப் பட்டை என்று தனியாக உண்டு. ஆஸ்பத்திரியில் பார்த்தாலும், 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தாலும், "பெரிய பட்டை போட்டுப் பாருங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்லி வைத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொள்ளு நல்ல தானியம், சாப்பிடுங்கள். எதுகை மோனையில் எடை குறையாது. திருத்தணி மலையின் 365 படியையும் ஏறுவதாக வேண்டிக்கொள் என்கிறவர்களும் உண்டு. முழங்கால் தேய்ந்தவள் அத்தனை படி ஏறினால், இறங்கிவரும்போது முருகனா தூக்கிக்கொண்டு வருவான்? அதே சமயம், கத்தி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று அவசரப்படுவதும் ஆபத்து. 2022-ல் பெங்களூரில் சேதனா ராஜ் என்ற இளம் நடிகை கொழுப்பை எடுக்கும் அறுவைக்குப் போய் உயிரையே விட்டார். எடை குறைக்கும் ஊசிகளும் 2025 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவை தக்க டாக்டர் பார்த்துப் போடவேண்டியவை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிப் போட்டுக்கொள்ள வேண்டியவை அல்ல.

சினிமாவைப் பற்றிக் கொஞ்சம். வடக்கே உமாதேவி என்ற பெண்மணி, 1947-ல் வந்த 'தர்த்' படத்தில் நௌஷாத் இசையில் பாடி நாடெங்கும் புகழ்பெற்றார். பிறகு பாட்டுப் போய், உடம்பு மட்டும் மிஞ்சிற்று. டுன் டுன் என்று பெயர் வைத்துச் சிரிப்பு நடிகையாக்கினார்கள். கெட்டிக்காரியானதால் அதிலும் வென்றார். ஆனால் வடநாட்டில் பருத்த பெண்களுக்கெல்லாம் அப்பெயர் பட்டப்பெயராயிற்று. நம்மிடத்தில் 1982-ல் 'கோழி கூவுது' படத்தில் வந்த பிந்து கோஷைச் சொல்லலாம். அவர் வந்து நின்றாலே கொட்டகை சிரித்தது. வசனம் எழுதினவனுக்கு வேலை மிச்சம். கடைசியில் நோயிலும் வறுமையிலும் விழுந்து, ஊரறிய உதவி கேட்டு, 2025 மார்ச்சில் இறந்தார். சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று நினைத்தார்கள்?

2025 நவம்பரில் சென்னையில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். 'அதர்ஸ்' படக் கதாநாயகியைத் தூக்கினது பற்றியும் அவர் எடை எவ்வளவு என்பது பற்றியும் ஒரு நிருபர் கதாநாயகனிடம் கேட்ட கேள்வி அங்கே சச்சரவாயிற்று. அந்தப் பெண், கௌரி கிஷன், பருத்தவர்கூட அல்ல. அவர் எழுந்து, இது அவமரியாதையான கேள்வி, ஆண் நடிகரிடம் இப்படிக் கேட்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். அறை முழுவதும் ஆண்கள். அவரைத்தான் அடக்கப் பார்த்தார்கள். அவர் அடங்கவில்லை. பிறகு நடிகர் சங்கமும் பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தன. நிருபரும் வருத்தம் தெரிவித்தார். நடிகையானதால் இவ்வளவு நடந்தது. பள்ளிப்பட்டுப் பெண்ணுக்கு எந்தச் சங்கம் அறிக்கை விடும்?

சட்டம் முழுவதும் கைவிட்டுவிடவில்லை. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தில், பெண்சாதி பருத்தாள் என்று விவாகரத்துக் கேட்க இடமில்லை. 2024 நவம்பரில் கேரள ஐகோர்ட்டு, புருஷன் வீட்டில் ஒரு மருமகளின் உடலமைப்பைப் பற்றி அவமானமாகப் பேசினது கொடுமை என்ற குற்றத்துக்குள் வரக்கூடியதே என்று சொல்லி வழக்கைத் தள்ள மறுத்தது. அங்கே பேசினதாகச் சொல்லப்பட்டவர் யார்? புருஷனின் அண்ணன் மனைவி, அவரும் ஒரு பெண். தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும். இன்னொன்று: 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று செய்திருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் காலை முதல் ராத்திரி வரையில் நிற்கிற பருத்த பெண்ணின் முழங்காலுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்; எழுதத் தெரியாதவர்களுக்கு நம் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்க்கட்சிக்காரனைத் திட்டும்போது அவன் பெண்சாதியின் பருமனை இழுத்துக் கைதட்டல் வாங்குகிற பேச்சாளர்கள் நம் மேடையிலும் ஏறுகிறார்கள். இனி அப்படிப் பேசினால், கூட்டத்திலுள்ள பெண்கள் எழுந்து நின்று நிறுத்தச் சொல்லவேண்டும். கூட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று: இன்று இங்கே போட்டிருப்பவை எல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் உட்கார முடியாமல், உட்கார்ந்தால் உடையுமோ என்று பயந்து, அதோ சுவரோரம் நாலைந்து பெண்கள் ஆரம்பத்திலிருந்து நின்றுகொண்டே கேட்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாலு மரப்பெஞ்சு போடுங்கள், முன்வரிசையில்.