எபிசோட் 37: குடியம் குகையும் என் பையில் வந்த கல்லும்

இந்த வாரம் ஊர் சுத்துன கதை. ஆனா முதல்லயே ஒத்துக்கிறேன், இதுல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அது பின்னாடி வரும்.

போன சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நானும் என் ரூம்மேட்டும் பைக்கை எடுத்தோம். திருவள்ளூர்ல டீ. அங்கிருந்து பூண்டி ஏரியைத் தாண்டி குடியம் கிராமம். வண்டியை ஊர்ல விட்டுட்டு, வழி தெரிஞ்ச ஒரு அண்ணனைக் கூட்டிக்கிட்டு நடந்தோம். மேப்ல குகைக்கு ஒரு பின் இருக்கு, சரி. ஆனா அந்த ஒத்தையடிப் பாதை எத்தனை இடத்துல ரெண்டாப் பிரியுதுன்னு மேப்புக்குத் தெரியாது. அண்ணன் இல்லன்னா நாங்க காலி.

காடுன்னதும் கொடைக்கானல் ஞாபகம் வரவேண்டாம். இது முள்ளுக்காடு. புதர், அங்கங்க ஒரு மரம், ஒம்பது மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். காலுக்குக் கீழ மண்ணை விட கூழாங்கல்தான் அதிகம். எலுமிச்சம்பழ சைஸ்ல இருந்து தேங்காய் சைஸ் வரைக்கும், உருண்டையா, வழுவழுன்னு. பக்கத்துல ஆறே இல்லாத இடத்துல இவ்வளவு கூழாங்கல் எப்படின்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன்.

குகை முன்னாடி போய் நின்னதும் பதில் கிடைச்சுது. மலையே கூழாங்கல்லால ஆனது! கான்க்ளோமரேட்னு சொல்வாங்க. ஜல்லி தூக்கலா போட்ட கான்க்ரீட் சுவர் மாதிரி இருக்கும். டைனோசர் காலத்துல தண்ணி உருட்டிட்டு வந்து குவிச்ச கற்கள், இறுகிப் பாறையாகி, இப்போ மறுபடி ஒண்ணொண்ணா உதிருது. நாங்க மிதிச்சு வந்ததெல்லாம் அப்படி உதிர்ந்ததுதான். பெரும்பாலும் குவார்ட்சைட். உடைச்சா விளிம்பு கத்தி மாதிரி வரும். அதனாலதான் கற்கால மனுஷனுக்கு இந்த ஏரியா பிடிச்சிருக்கு. மெட்டீரியல் தரையிலேயே கிடக்குது, குனிஞ்சு எடுத்தா போதும்.

குகைன்னா உள்ள இருட்டா, சுரங்கம் மாதிரி போகும்னு எதிர்பார்த்தேன். இல்ல. மலை ஒரு பக்கம் குடைஞ்சு, மேல பாறை கூரையா நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ நிழல், சட்டுனு குளிர்ச்சி. அண்ணாந்து பார்த்தா கறுப்பு கறுப்பா தொங்குது, மலைத்தேனீ கூடு. ரூம்மேட் பையில இருந்து ட்ரோனை எடுத்தான். அண்ணன் குரலை உயர்த்தவே இல்ல. "தம்பி, அதை உள்ள வைங்க. அதுங்க கிளம்பிடுச்சுன்னா ஓடுறதுக்கு எடம் கிடையாது"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் அரை மணி நேரம் மூணு பேரும் குசுகுசுன்னுதான் பேசினோம்.

கொஞ்சம் வரலாறு. 1863 மே மாசம் ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற புவியியலாளர் நம்ம பல்லாவரத்துல ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவோட பழைய கற்கால ஆராய்ச்சி அங்கதான் தொடங்குது. அதே வருஷம் செப்டம்பர்ல, இந்தக் குகைக்குப் பக்கத்துல இருக்கிற அத்திரம்பாக்கம். அங்க கிடைச்ச கைக்கோடரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு சாந்தி பப்பு குழு 2011ல வெளியிட்டாங்க. 1960கள்ல குடியம் குகையிலயும் தொல்லியல் துறை தோண்டியிருக்காங்க.

இப்போ என் தப்புக்கு வரேன். திரும்பி வர்ற வழியில கை நிறைய ஒரு கல் பார்த்தேன். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் வரிசையா செதில் எடுத்த மாதிரி. கையில பிடிச்சா கட்டைவிரல் வைக்க இடம் இருக்கு. ஆபீஸ் டெஸ்க்ல வெக்கலாம்னு பையில போட்டுட்டேன்.

மதியம் பூண்டியில இருக்கிற தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குள்ள கைக்கோடரிகள். சிலது என் பையில இருக்கிறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி. வேர்த்துடுச்சு. அங்க இருந்தவர்கிட்ட எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தானா உடைஞ்சதாவும் இருக்கலாம் சார். எங்க எடுத்தீங்க?"

"குகையில இருந்து வர்ற வழியில."

"வழியிலன்னா எங்க?"

தெரியல. போட்டோ எடுத்திருந்தேன், ஆனா பிரைவசி பிரைவசின்னு கேமராவுக்கு லொகேஷனை ஆஃப் பண்ணி வச்சிருக்கிற புத்திசாலி நான்தான். எந்த மேடு, எந்த ஓடை, பக்கத்துல வேற என்ன கிடந்துதுன்னு எதுவுமே சொல்ல முடியல. டைம்ஸ்டாம்ப் இல்லாத ஒரு வரி லாக்கை வச்சுக்கிட்டு பக்கை தேடச் சொன்னா எனக்கு எவ்வளவு கோபம் வரும்! அதையே நான் அவருக்குப் பண்ணியிருக்கேன். அவர் கோபப்படல. கல்லை வாங்கி மேஜை ஓரத்துல, ஒரு ஃபைல் பக்கத்துல வச்சார். கண்ணாடிக்குள்ள வைக்கல.

நீங்க போறதா இருந்தா மியூசியத்தை முதல்ல பாருங்க, குகை அப்புறம். நாங்க தலைகீழா பண்ணிட்டோம். அது காப்புக்காடு, வனத்துறைகிட்ட கேட்டுட்டுப் போங்க, ஊர்ல யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கோங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி பத்தல எங்களுக்கு. சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, தேனீ. வித்தியாசமா ஏதாவது கல் கண்ணுல பட்டா, லொகேஷனை ஆன் பண்ணி போட்டோ எடுங்க, கல்லு அங்கேயே கிடக்கட்டும்.

ட்ரோனை ஒரு தடவை கூட பறக்கவிடாம நாள் முழுக்க சுமந்தவன் அதை விக்கப் போறானாம். யாருக்காவது வேணும்னா மெசேஜ் பண்ணுங்க. அடுத்த வாரம் பாப்போம்.