காது கொடுத்தவர் கண்ட தொழில்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றுக்குள் காலை நேரத்தில் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? வாசலிலேயே வாசம் நம்மை நிறுத்திவிடும். உள்ளே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு முறம், முறம் நிறையக் காய். வெடித்தது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், பச்சை மாறாமல் திரண்டது ஒரு பக்கம் என்று விரல்கள் பிரித்துக்கொண்டே இருக்கும். கண்ணும் கையும் முறத்தில் இருக்க, காது மட்டும் ஓரமாகப் பாடும் வானொலியில் இருக்கும். மலை மேலே தோட்டத்தில் குனிந்து காய் எடுப்பவர்களுக்கும் அதே வானொலிதான் துணை. கோடைப் பண்பலை எட்டாத ஏலத்தோட்டம் இந்தப் பக்கம் அரிது.

அப்படிக் கேட்டுக்கொண்டே உழைக்கிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். வானொலியில் பேசத் தொடங்கித் தொழில்நுட்பத் தொழிலுக்கு வந்து சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க இளைஞரின் கதை இது. நம் ஏலமலைச் சரிவுக்கு அதில் பாடம் இருக்கிறது.

அவர் பெயர் நாயமேகா இக்கெக்வொனு. நைஜீரியா நாட்டின் தென்பகுதியில் உள்ள இமோ மாநிலத்துக்காரர். 2003-இல், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோதே, சிறு விவசாயிகளுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் வழியாகக் கிராமப்புற வானொலி நடத்தினார். அந்த மண்ணின் மொழியான இக்போவில், மண் காப்பது எப்படி, பூச்சியை விரட்டுவது எப்படி, சந்தையில் என்ன விலை என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்வதோடு நிற்காமல், கேட்பவர்களின் குரலும் நிலையத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று நினைத்தார். விவசாயி தன் கேள்வியைப் பேசிப் பதிவு செய்து அனுப்ப, சூரிய சக்தியில் இயங்கும் சிறு கருவி ஒன்றைக் கிராமங்களில் வைக்கத் திட்டமிட்டார். இந்தப் பணிக்காக 2010-இல் ரோலெக்ஸ் விருது பெற்ற இளைஞர்களில் அவரும் ஒருவர்.

இத்தோடு நின்றிருந்தாலே நல்ல வாழ்க்கைதான். ஆனால், 2013-இல் முட்டைக்கோஸ் விவசாயிகளைப் பற்றி ஒரு வானொலி ஆவண நிகழ்ச்சி தயாரிக்க ஜோஸ் நகரப் பகுதிக்குப் போனார். வயலில் விளைச்சலுக்குக் குறைவில்லை. சந்தைக்கு வந்த காயோ வெயிலில் கிடந்து வாடியது. மாலைக்குள் விற்காவிட்டால் வந்த விலைக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் குப்பையில் கொட்ட வேண்டும். அதிகம் விளைவிக்க இத்தனை ஆண்டு வழி சொன்னோம், விளைந்ததைக் காப்பாற்ற இவர்கள் கையில் ஒரு வழியும் இல்லையே என்ற உண்மை அங்கே அவர் முன்னால் நின்றது.

அங்கிருந்து பிறந்ததுதான் கோல்டுஹப்ஸ் என்ற நிறுவனம். 2015-இல் தொழிலாக உருவெடுத்தது. ஆள் உள்ளே நடந்து போகும் அளவுக்கு ஒரு குளிர் அறை, கூரை மேல் சூரியத் தகடுகள், இரவுக்கு மின்கலம், ஏறத்தாழ மூன்று டன் காய்கனி வைக்க இடம். அதைச் சந்தைக்குள்ளேயே, விவசாயி கூடையை இறக்கும் இடத்திலேயே நிறுத்தினார்கள். இரண்டு நாளில் வாடும் காய் அதற்குள் மூன்று வாரம் வரை தாங்கும்.

கவனிக்க வேண்டியது அந்த அறையைவிட அதற்கு வைத்த கட்டணத்தைத்தான். குளிர்சாதனத்தை விவசாயி தலையில் கட்டவில்லை. கடன் வாங்கச் சொல்லவில்லை. இருபது கிலோ பிடிக்கும் ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு, அந்த நாட்டுப் பணத்தில் நூறு நைரா என்று தொடக்கத்தில் வாடகை வைத்தார்கள். ஒரு பெட்டி வைத்தால் ஒரு பெட்டிக்கு, ஒரு நாள் வைத்தால் ஒரு நாளுக்கு. தெருவோரம் தக்காளி விற்கும் பெண்ணும் அந்த அறைக்குள் போக முடிந்தது. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் பெரும்பாலும் பெண்களுக்கே போனது. சில ஆண்டுகளில் அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள் நைஜீரியாவின் பல மாநிலங்களில் எழுந்தன.

அவர் பொறியாளராகத் தொடங்கியவர் அல்ல. இயந்திரத்தைக் கட்டத் தெரிந்தவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டார். அவரிடம் சொந்தமாக இருந்த முதல், ஆண்டுக்கணக்கில் விவசாயிகளின் குரலைக் கேட்ட காது. எது உண்மையான வலி, அதற்கு எவ்வளவு காசு கொடுக்க முடியும், யாரை நம்பி வாசலுக்கு வருவார்கள் என்ற மூன்றும் அந்தக் காது வழியாகத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

நேயர்களே, நம் நாட்டிலும் வானொலிக்கு இப்படி ஒரு பெருமை உண்டு. 1960-களில் தஞ்சை டெல்டாவில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியது. அதைப் பற்றித் திருச்சி வானொலி அத்தனை விரிவாகச் சொன்னதால், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வெற்றியில் வானொலியின் சொல்லுக்குப் பங்கு உண்டு, விதைக்கும் பங்கு உண்டு. காதில் விழுந்த ரகத்தை விவசாயி கையால் தொட்டு வாங்க முடிந்தது. விதை கிடைக்காமல் சொல் மட்டும் கிடைத்திருந்தால், அந்த நெல்லுக்கு அப்படி ஒரு பெயர் வந்திருக்காது.

இப்போது போடிக்குத் திரும்புவோம்.

ஏலம் என்றால் நம் மொழியில் காய்க்கும் பெயர், கூவி விற்பதற்கும் பெயர். காயின் பெயர் பழந்தமிழ். விற்பனையின் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் போடி. இந்த ஊர் தொழில்நுட்பத்துக்குப் புதிதும் அல்ல. மூணாறு மலையிலிருந்து தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கியது நூறு ஆண்டுக்கும் முந்தைய கதை. நம் காலத்தில், 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதுவரை மாதிரிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்து விலை கேட்ட வியாபாரிகள், கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். விலை திரையில் ஏறுவதைக் காய் கொண்டுவந்தவரும் பார்க்க முடிந்தது. 2021-இல் இன்னொரு படி ஏறினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் நடக்கும் ஏலத்தில் போடியில் இருந்தபடியே கலந்துகொள்ளவும், அங்கிருந்து இங்கே விலை கேட்கவும் வழி வந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டபோது, செய்தி சற்று நேரத்தில் மலை முழுக்கக் கைப்பேசிகளில் பரவியது.

ஆகவே, விலை தெரியாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால், விலை தெரிவது வேறு, அந்த விலைக்குத் தகுந்த காயைக் கொண்டுவருவது வேறு.

ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் பணம். செடியின் அடியில் படர்ந்த சரத்திலிருந்து பறித்த காயை, அதிக நேரம் கிடக்க விடாமல், தோட்டத்துக்காரர்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர் கூடத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க, இளஞ்சூட்டில், சீராகக் காய வேண்டும். சூடு மிஞ்சினால் காய் வெடிக்கும். ஏற்றத் தாமதமானால் பச்சை போய் வெளிறும். நூறு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் சுமார் இருபது கிலோதான் நிற்கும். இத்தனைக்கும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் சொந்த ஸ்டோர் இருக்காது. பெரிய தோட்டத்து ஸ்டோரில் கூலி கொடுத்துக் காய வைப்பார். காய் அதிகம் வரும் மழை மாதங்களில் அங்கே இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அவருடைய காயின் நிறத்தைத் தின்னும். ஜோஸ் சந்தையில் வாடிய முட்டைக்கோஸுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இன்னொன்றையும் பாருங்கள். கூலி கொடுத்துக் காய வைக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. பெட்டிக்கு இவ்வளவு என்று நைஜீரியாவில் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த முறை, நம் மலையில் காலங்காலமாக நடப்பில் உள்ளது. விறகைக் குறைத்துச் சூட்டைத் தானே சீராக வைக்கும் சிறு உலர் கூடம் ஒன்று, எந்த ஸ்டோரில் இன்று இடம் இருக்கிறது என்று கைப்பேசியில் சொல்லும் ஏற்பாடு ஒன்று, மலையடிவாரத்து மாங்காய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் நாள் வாடகையில் ஒரு குளிர் அறை என்று, செய்யக் காத்திருக்கும் தொழில்கள் நம் கண் முன்னேயே இருக்கின்றன. அதே 2023 ஜூனில் போடிக்கு அகல ரயிலும் வந்து சேர்ந்துவிட்டது. சரக்குக்கும் ஊருக்கும் வெளியுலகம் இன்னும் கிட்டே வந்திருக்கிறது.

இதையெல்லாம் யார் செய்வது? என் மனத்தில் நிற்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். பனிமூட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள், ஏலத்தோட்டத்தைக் காட்டுகிறார்கள், தோட்டக்காரரிடம் பேட்டி எடுக்கிறார்கள். அவர்கள் செய்வதும் ஊடகப் பணிதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மக்கள் முன்னால் கூச்சமின்றிப் போய் நிற்கவும், அவர்களைப் பேச வைக்கவும் பழகிய பிள்ளைகள் அவர்கள். நாயமேகாவிடம் முதலில் இருந்ததும் அதே பழக்கம்தான். அவர் கூடுதலாகச் செய்தது ஒன்று. நிகழ்ச்சி முடிந்த பிறகும் கேட்டதை மறக்கவில்லை.

ஒரே மாதத்தில் நிறுவனம் தொடங்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே அறக்கட்டளையிலிருந்து குளிர் அறைக்கு வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. பணம் திரட்ட வேண்டியிருந்தது, பொறியாளர்கள் துணை வேண்டியிருந்தது. ஆனால், முதல் படிக்குக் காசு தேவையில்லை.

அன்பான இளைய நேயர்களே, அடுத்த முறை ஒரு தோட்டத்துக்கோ கிட்டங்கிக்கோ படம் எடுக்கப் போனால், எடுத்து முடித்ததும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அங்கே இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷம் எதுல ரொம்ப நட்டம்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேரிடம் கேளுங்கள். பத்தில் ஏழு பேர் ஒரே பதிலைச் சொன்னால், அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். உங்கள் தொழில் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.