கட்டியக்காரன் கேட்கட்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருவதிகையில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையே இருபத்தைந்து ஆண்டுகளாக நோன்பாகக் கொண்டு உழைத்துவரும் இச்சங்கத்தினர், மருத்துவ அறிவியலையும் கூத்தையும் இணைத்துப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் இருக்கலாம். இவ்வூருக்கு அத்தொடர்பு புதிதன்று. சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார் தமக்கையைத் தேடிவந்து நலம்பெற்றதாகச் சேக்கிழார் கூறும் தலம் இது. அவரால் சைவம் சார்ந்த பல்லவ வேந்தன் மகேந்திரவர்மனே என்பர் வரலாற்றறிஞர். அவன் மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். பகவதஜ்ஜுகம் என்ற நாடகத்தையும் அவனுக்கே உரியதாகச் சிலர் கூறுவர். போதாயனர் இயற்றியது என்பாரும் உளர். யார் இயற்றியதாயினும் ஆகுக. அந்நாடகத்தில் பாம்புக்கடிக்கு மருத்துவம் பார்க்க வரும் வைத்தியர், நோயாளியின் கேலிக்கே ஆளாகித் திரும்புகிறார். ஆக, வைத்தியரை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்பது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம்.

மேடையில் கேட்டோம், மருத்துவமனையில் கேட்கிறோமா? வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னால் வைக்கிறோம். "பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்" என்றால் வாய் அடைத்துப்போகிறது. இதன் விளைவு எங்ஙனம் இருக்கும் என்பதற்கு ஒரு சான்றைச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம். ஆசிரியப் பணியில் இருப்பவர் எவரும் மறக்கலாகாத சான்று அது.

2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அன்றைய ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கிற்று. பாத் என்ற அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுடனும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குசராத்தின் வதோதராவிலும் நடைபெற்றது. ஊசி போட்டுக்கொண்டோருள் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியர். சிறுமியர் சிலர் இறந்த செய்தி பரவவே, 2010 ஏப்பிரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணைக் குழு கூறவில்லை. இதனை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயின் வேறொன்று வெளிப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948 படிவங்களில் இருந்தவை கைநாட்டுகள். 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர் விடுதிக் காப்பாளர்!

பெற்ற தாய் ஒரு மலைச்சிற்றூரில் விறகு பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் மகளின் உடலுக்கு ஒப்புதல் தருபவர் சம்பளம் பெறும் ஓர் ஊழியர். ஊசி நல்லதா தீயதா என்பது ஒரு வினா. யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு அறிவியல் விடை கூறிவிட்டது. அத்தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பின்னதற்கு விடை கூறவேண்டியோர், தலைமையாசிரியர் மேசையில் வந்துவிழும் படிவங்களைக் கையாளும் நம்மைப் போன்றோரே.

நம் மாநிலத்திலும் சான்றுக்குக் குறைவில்லை. சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று பழித்த காலம் ஒன்றிருந்தது. சிறுநீரகம் விற்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1994-இல்தான் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு விசாரித்த ஆய்வொன்று 2002-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடன் அடைக்கவே விற்றவர்கள். அவ்வாறு விற்றோரில் நூற்றுக்கு 74 பேருக்குக் கடன் அப்போதும் தீரவில்லை! உறுப்பும் போயிற்று, கடனும் நின்றது. மஞ்சுளா பத்மநாபன் என்னும் எழுத்தாளர் 'ஹார்வெஸ்ட்' என்ற ஆங்கில நாடகத்தை இப்பொருள்பற்றியே எழுதி, 1997-இல் கிரேக்க நாட்டு ஒனாசிஸ் பரிசு பெற்றார். செல்வநாட்டார் ஒருவருக்கு உறுப்புத்தர ஒப்பந்தம் செய்துகொண்ட மும்பை ஏழைக் குடும்பத்தின் கதை. படித்தோர் அரங்கில் அது பாராட்டுப் பெற்றது. நம் தெருவுக்கு அது வந்துசேரவில்லை.

நம் தெருவுக்கு வந்தவை வேறு. 1987-இன் பாரத ஜன விஞ்ஞான ஜாதா, பின்னர் அறிவொளி இயக்கம் ஆகியவற்றின் கலைக்குழுவினர் வீதி நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். அவர்கள் தொண்டு பெரிது. எனினும், அதன்பின் வந்த விழிப்புணர்வு நாடகங்கள் பலவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தன: டாக்டர் வருவார், கூறுவார்; அறியாத கிழவன் திருந்துவான்; முடிவில் பாட்டு. அக்கிழவன் பெரும்பாலும் நம் சேரிக்காரனாகவே இருப்பான் என்பதையும் கவனித்தோம்.

தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தோ அவ்வாறு அமைந்ததன்று. கட்டியக்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறுவான். அடுத்த நொடியே அவனிடம் குறுக்குக்கேள்வி கேட்பான். சபையோர் மனத்திலிருப்பதை அவர்கள் பேச்சிலேயே கேட்பான். கூத்தாடும் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றில் நம்மவர் நிலை என்னவென்பதை, 2023-இல் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதிக் கோயில் பூட்டப்பட்டபோது நாடே கண்டது. கோயில் யார் கையில் இருப்பினும் கட்டியக்காரனை நாம் அழைத்துவரத் தடையில்லை.

அவன் விடுதிக்கு வரட்டும். தலைமையாசிரியர் மேசைமீது படிவக்கட்டு. பேனா திறக்கப்படுகிறது.

"ஐயா, ஐயா! இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு?"

"ஊசி போடறாங்களாம்."

"வழக்கமா போடற ஊசியா, சோதிச்சுப் பாக்கற ஊசியா?"

"அது... மேலிடத்து உத்தரவு."

"வேணாம்னு சொன்னா விடுதியில சோறு உண்டா? ஏதாவது ஆயிட்டா யாரு பாப்பாங்க? அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

இவ்விடத்தில் கூத்தை நிறுத்துக. பார்ப்போரில் ஒரு தாயை மேடைக்கு அழைத்து, அப்படிவத்துக்கு முன் அவர் என்ன செய்வார் என்று செய்துகாட்டச் சொல்லுக. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் வகுத்த முறை இது. மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி குழுவினர் உழவர் நடுவே இதனை நடத்தி வருகின்றனர். கட்டியக்காரனின் கடைசிக் கேள்வியும் கற்பனையன்று. சிறார் ஆய்வுகளில் பெற்றோர் ஒப்புதலோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை.

ஒரு எச்சரிக்கை. கூத்தைக் கண்டு ஊரார் ஊசிக்கே அஞ்சி ஓடுவராயின், அக்கூத்து கேடு செய்ததாகும். ஆராய்ச்சியை வெறுப்பது நமக்கு அடாது. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மையத்தில், நகரத்து ஏழை நோயாளிகளை இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு மருத்துவமனைப் படுக்கையும் நல்லுணவும். மறு சாரார் தம் நெருக்கடியான வீட்டிலிருந்தபடியே மருந்துண்டனர். குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை என்று 1959-இல் தெரிந்தது. வீட்டிலிருந்தே காசநோய்க்கு மருந்துண்ணலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது அவ்வேழைகளின் உடலிலிருந்துதான். இதுவும் ஒரு காட்சியாக வேண்டும். அதிலும் கட்டியக்காரன் இருக்கட்டும்.

ஒத்திகையை வரும் கோடை விடுமுறையில் தொடங்கலாம். செவிலியர் பயிற்சி பெறும் நம் பெண்கள் சிலர் உள்ளனர். படிவம் எழுதும் பணியை அவர்கள் ஏற்பார்களாக. டாக்டர் வேடத்தை எவரும் கோமாளியாக்க வேண்டா. தலைமையாசிரியர் வேடத்தை மட்டும் நம்மிடம் படிக்கும் மாணவனே கட்டட்டும். அவன் பேனாவைத் திறப்பானா மூடுவானா என்று முன்வரிசையில் அமர்ந்து பார்க்கிறோம்.